கறளுக்கு எந்தச் சமன்பாடு சரி? துருப்பிடித்தலைச் சமப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

"சேர், இதில எது சரி?"

சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு மாணவி மூன்று தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்று பள்ளிக்கூடக் குறிப்பு, ஒன்று ரியூசன் குறிப்பு, மற்றது அக்காவின் பழைய கொப்பி. முதலாவதில் கறள் என்பது வெறும் ஒட்சைட்டு. இரண்டாவதில் அது ஐதரொட்சைட்டு. மூன்றாவதில் ஒட்சைட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அதற்குப் பிறகு எத்தனை என்று சொல்லாத தண்ணீர். மூன்று சமன்பாட்டையும் எண்ணிப் பார்த்தேன். மூன்றும் சமப்பட்டிருந்தன.

அவள் விடவில்லை. மட்டக்களப்புக் கல்லடியில் கடலைப் பார்த்து நிற்கிற எங்கள் கேற்றைக் காட்டி, "அதில பிடிச்சிருக்கிறது ஒரே கறள்தானே சேர், அதுக்கு ஏன் மூண்டு சமன்பாடு?" என்றாள்.

நல்ல கேள்வி. சமப்படுத்தத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். ஆகவே ஒன்றிலிருந்து தொடங்கி, அந்த மூன்று தாள்களும் ஒரே தாள்தான் என்று தெரிகிற இடம்வரை போகலாம்.

எழுத்தைப் பற்றி முதலில்

இங்கே இரும்புக்கு இ, ஒட்சிசனுக்கு ஒ, ஐதரசனுக்கு ஐ என்று எழுதப்போகிறேன். அப்படியானால் ஒட்சிசன் வாயு ஒ₂, தண்ணீர் ஐ₂ஒ. பரீட்சைத் தாளில் இப்படி எழுதிவிடாதீர்கள். அங்கே எஃப் ஈ, ஓ, எச் என்று உலகம் முழுக்க வழங்கும் குறியீடுகள்தான் செல்லும். எஃப் ஈ வந்தது ஃபெரம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து. இரும்பின் சேர்வைகளுக்கு வைக்கிற பெரசு, பெரிக்கு என்ற பெயர்களும் அங்கிருந்து வந்தவைதான்.

வகுப்பில் முதல் நாள் நான் தமிழ் எழுத்தையே போடுவேன். குறியீட்டைக் கண்டதும் மிரளுகிற பிள்ளைகூட இ, ஒ, ஐ என்றதும் இது எண்ணிக்கை வேலை என்று பிடித்துக்கொள்ளும். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளைத் தமிழறிஞர் என்றுதான் பலருக்குத் தெரியும். அவர் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர், விஞ்ஞானம் படிப்பித்தவர். அவர் பிறந்த கரையில் இருந்துகொண்டு தமிழில் இரசாயனம் எழுத எங்களுக்கு என்ன கூச்சம்?

சமன்பாட்டில் இரண்டு வகை எண்கள் வரும். முன்னால் பெரிதாக வருவது குணகம். 3ஒ₂ என்றால் மூன்று ஒட்சிசன் மூலக்கூறு. எழுத்துக்குக் கீழே சின்னதாக வருவது, ஒரு மூலக்கூறுக்குள் அந்த அணு எத்தனை என்று சொல்கிறது. குணகத்தை நாங்கள் மாற்றலாம். கீழே உள்ள சின்ன எண்ணில் கைவைக்கக் கூடாது. சமப்படுத்தலில் விதி என்று மனப்பாடம் செய்ய இந்த ஒன்று போதும்.

கறள் பிடிக்க என்ன வேண்டும்

சமன்பாட்டின் இடப்பக்கத்தில் யார் யார் வர வேண்டும் என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். மூன்று சோதனைக்குழாய் எடுங்கள். மூன்றிலும் அரத்தாளால் தேய்த்த ஆணி. முதலாவதில் சாதாரணத் தண்ணீர் விட்டு வாயைத் திறந்து வையுங்கள். இரண்டாவதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை ஆணி மூழ்க விட்டு, மேலே தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள். கொதிக்கும்போது கரைந்திருந்த ஒட்சிசன் வெளியேறிவிடும், எண்ணெய் அதைத் திரும்ப உள்ளே விடாது. மூன்றாவதில் நீரற்ற கல்சியம் குளோரைட்டுப் போட்டு இறுக்கி மூடுங்கள். உள்ளே காற்று இருக்கும், ஈரம் இருக்காது. சில நாளில் பார்த்தால் முதலாவது குழாயில் மட்டும்தான் கறள்.

ஆகவே இடப்பக்கத்தில் இரும்பு, ஒட்சிசன், தண்ணீர் மூன்றும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரு கை உயரும். "உப்பை எங்க எழுதிற சேர்?" மட்டக்களப்புப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலமும் இரும்புதான், நடுவில் நின்று இரண்டு பக்கத்து உப்புக் காற்றையும் வாங்கியது. அதற்குப் பக்கத்தில் புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. உப்பு கறளை விரைவுபடுத்தும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உப்பு தாக்கி அல்ல, அதாவது தாக்கத்தில் சேர்ந்து வேறாக மாறுகிற பொருள் அல்ல. தண்ணீரில் அயன்களாகப் பிரிந்து நின்று ஏற்றம் கடக்க வழி விடுகிறது, அவ்வளவுதான். தாக்கம் முடிந்த பிறகும் உப்பு உப்பாகவே கிடக்கும். ஆகவே சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. நான்காவது குழாயில் உப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கறள் முந்தும், சமன்பாடு மாறாது.

முதல் தாள்: தண்ணீரை விட்டுவிட்டு

எளிய வடிவத்தில் தொடங்குவோம். கறளின் முக்கிய பகுதி பெரிக்கு ஒட்சைட்டு. சொற்களால் எழுதினால்:

இரும்பு + ஒட்சிசன் → பெரிக்கு ஒட்சைட்டு

இப்போது சூத்திரம் வேண்டும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான், சமப்படுத்தலில் அல்ல. வலுவளவு என்பது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேருகிற வலுவின் எண். இரும்புக்கு இரண்டு வலுவளவு உண்டு. பெரசு என்றால் 2, பெரிக்கு என்றால் 3. ஒட்சிசனுக்கு 2. வலுவளவுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக் கீழே எழுதினால் பெரிக்கு ஒட்சைட்டு இ₂ஒ₃. சூத்திரம் பிழைத்தால் அதற்குப் பிறகு செய்கிற கணக்கு முழுவதும் வீண். எனவே பேனையை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சரிபாருங்கள்.

இ + ஒ₂ → இ₂ஒ₃

இடப்பக்கம்: இ 1, ஒ 2. வலப்பக்கம்: இ 2, ஒ 3.

ஒருமுறை கரும்பலகைக்கு வந்த ஒரு மகன் இரண்டு செக்கனில் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்:

2இ + ஒ₃ → இ₂ஒ₃

எண்ணிப் பாருங்கள். சமப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் ஒ₃ என்பது நாங்கள் மூச்சு விடுகிற ஒட்சிசன் அல்ல, ஓசோன். சின்ன எண்ணை மாற்றியதால் அவன் வேறொரு பொருளைக் கொண்டுவந்து இரும்போடு சேர்த்துவிட்டான். கைவைக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சரியான வழி இப்படி. ஒட்சிசன் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3. ஒன்று இரட்டை, ஒன்று ஒற்றை. இந்த நிலை வந்தால் இரண்டின் பொ.ம.சி., அதாவது பொது மடங்குகளுள் சிறியதை எடுங்கள், 6. இடப்பக்கம் 6 வர மூன்று ஒ₂. வலப்பக்கம் 6 வர இரண்டு இ₂ஒ₃.

இ + 3ஒ₂ → 2இ₂ஒ₃

இப்போது வலப்பக்கம் இரும்பு 4. இடப்பக்கத்தில் இரும்பு தனியாக நிற்கிறது, ஆகவே முன்னால் 4 போட்டால் வேறு எதுவும் குழம்பாது.

4இ + 3ஒ₂ → 2இ₂ஒ₃

தனி மூலகத்தைக் கடைசிக்கு வைப்பதன் இலாபம் இதுதான். சேர்வையில் இருக்கிற மூலகத்தைத் தொட்டால் கூட இருக்கிறவையும் அசையும், தனியாக நிற்பதைத் தொட்டால் யாரும் அசையமாட்டார்கள்.

அணுவை எண்ணிச் சரிபார்த்த பிறகு திணிவாலும் ஒருமுறை பார்ப்பது என் பழக்கம். சாரணுத் திணிவு, அதாவது அணுக்களின் பாரத்தை ஒப்பிடுகிற எண், இரும்புக்கு 56, ஒட்சிசனுக்கு 16. இடப்பக்கம் 4 × 56 = 224, 3 × 32 = 96, கூட்டினால் 320. வலப்பக்கம் 2 × 160 = 320. சரி. திணிவு காக்கப்படுகிறது என்று 18ஆம் நூற்றாண்டில் இலவோசியே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தராசு வைத்துக் காட்டியதைத்தான் நாங்கள் கடதாசியில் செய்துகொண்டிருக்கிறோம்.

இதே கணக்கைச் சின்னதாக்கினால் 56 கிராம் இரும்பு 80 கிராம் ஒட்சைட்டு ஆகும். 7 கிராம் ஆணி ஒன்று முழுவதும் இப்படி மாறினால் 10 கிராம். கறள் இரும்பைத் தின்கிறது என்று ஊரில் சொல்வோம். தின்று முடித்த பிறகு பாரம் கூடியிருக்கும்! கறள் உதிர்ந்து விழுவதால்தான் எங்களுக்குக் குறைந்ததுபோலத் தெரிகிறது. கூடுவது பாரம் மட்டுமல்ல, இடமும்தான். கடற்கரை வீடுகளில் கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பி கறள் பிடித்துப் பருத்து, தூணை உள்ளிருந்தே வெடிக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கூடுதல் பாரம் காற்றிலிருந்து வந்தது என்று கண்ணால் பார்க்க வேண்டுமா? சட்டி கழுவுகிற இரும்புக் கம்பி நூலில் கொஞ்சம் எடுத்து நனைத்து, ஒரு கண்ணாடிக் கிளாசின் அடியில் அழுத்தி, கிளாசைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். துருப்பிடிக்காத உருக்கில் செய்த நூல் வேண்டாம், சாதாரண இரும்பு நூல்தான் வேண்டும். நாள் போகப் போகத் தண்ணீர் கிளாசுக்குள் ஏறும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறியதும் நின்றுவிடும். காற்றில் ஒட்சிசன் அவ்வளவுதான், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். 3ஒ₂ என்று எழுதுகிறோமே, அது போன இடம் அந்த நூல்.

இரண்டாவது தாள்: ஐதரொட்சைட்டு

இ + ஒ₂ + ஐ₂ஒ → இ(ஒஐ)₃

அடைப்புக்குறியைக் கண்டால் பயம் வேண்டாம். சோற்றுப் பார்சலை நினையுங்கள். ஒரு பார்சலுக்குள் ஒரு சோறு, ஒரு கறி. மூன்று பார்சல் கட்டினால் மூன்று சோறும் மூன்று கறியும். (ஒஐ)₃ என்றால் ஒட்சிசனும் மூன்று, ஐதரசனும் மூன்று. வெளியே உள்ள 3 ஐதரசனுக்கு மட்டும்தான் என்று எண்ணுகிறவர்கள் கறியை மட்டும் மூன்றாக்கி வைக்கிறார்கள்.

எங்கே தொடங்குவது? ஒட்சிசன் மூன்று இடத்தில் இருக்கிறது: ஒட்சிசன் வாயு, தண்ணீர், ஐதரொட்சைட்டு. பல இடத்தில் இருக்கிறவரைத் தொடக்கத்தில் பிடித்தால் ஒரு பக்கம் சரிசெய்ய மறுபக்கம் குழம்பும். அவரைக் கடைசிக்கு விடுங்கள். ஐதரசன் இரண்டு இடத்தில் மட்டும்தான், ஆகவே அங்கே தொடங்குவோம்.

ஐதரசன் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 3. பொ.ம.சி. 6. எனவே 3ஐ₂ஒ, 2இ(ஒஐ)₃. இரும்பு வலப்பக்கம் 2 ஆகிவிட்டது, இடப்பக்கமும் 2.

2இ + ஒ₂ + 3ஐ₂ஒ → 2இ(ஒஐ)₃

கடைசியாக ஒட்சிசன். வலப்பக்கம் 6. இடப்பக்கத்தில் தண்ணீரிலிருந்து 3 வந்துவிட்டது. மிச்சம் 3 அணுவும் ஒ₂ இலிருந்து வர வேண்டும், அதாவது ஒன்றரை ஒ₂. பின்னம் வந்ததும் பிழை விட்டுவிட்டோம் என்று அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற பிள்ளைகள் உண்டு. அழிக்காதீர்கள், வேலை முடியப்போகிறது. ஒவ்வொரு குணகத்தையும் இரண்டால் பெருக்குங்கள்.

4இ + 3ஒ₂ + 6ஐ₂ஒ → 4இ(ஒஐ)₃

சரிபார்ப்பு: இரும்பு 4, 4. ஐதரசன் 12, 12. ஒட்சிசன் இடப்பக்கம் 6 + 6 = 12, வலப்பக்கம் 12.

முதல் தாளோடு இதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் 4இ, 3ஒ₂. இங்கேயும் 4இ, 3ஒ₂. இதை மனதில் வைத்திருங்கள், கொஞ்சத்தில் திரும்பி வருவோம்.

மூன்றாவது தாள்: அந்தப் புள்ளி

இ₂ஒ₃·ந ஐ₂ஒ

புள்ளி பெருக்கல் குறி அல்ல. ஒட்சைட்டோடு தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதற்கான அடையாளம். ந என்பது எத்தனை தண்ணீர் என்ற எண். புத்தகத்தில் அந்த இடத்தில் எக்ஸ் இருக்கும். அந்த எண்ணை ஏன் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? உண்மையான கறள் ஒரே பொருள் அல்ல, நீரேறிய ஒட்சைட்டுகளின் கலவை. மழையில் கிடக்கிற மண்வெட்டியில் இருக்கிற கறளும், அடுப்படிக்கு மேலே செருகிய கத்தியில் இருக்கிற கறளும் ஒரே அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதில்லை.

சமப்படுத்துவது மிக இலகு. ஒட்சைட்டின் பகுதி முதல் தாளில் இருந்ததேதான், 4, 3, 2. வலப்பக்கம் இரண்டு அலகு, ஒவ்வொன்றிலும் ந தண்ணீர், மொத்தம் 2ந. அதே தண்ணீரை இடப்பக்கமும் வையுங்கள்.

4இ + 3ஒ₂ + 2ந ஐ₂ஒ → 2(இ₂ஒ₃·ந ஐ₂ஒ)

இப்போது ந-வுக்கு எண் போட்டுப் பாருங்கள்.

ந = 0 என்றால் தண்ணீர் போய்விடும். மிஞ்சுவது 4இ + 3ஒ₂ → 2இ₂ஒ₃. முதல் தாள்.

ந = 3 என்றால் தண்ணீர் 6. வலப்பக்கம் இ₂ஒ₃·3ஐ₂ஒ. அதற்குள் இரும்பு 2, ஒட்சிசன் 6, ஐதரசன் 6. அதைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியிலும் இரும்பு 1, ஒட்சிசன் 3, ஐதரசன் 3. அதுதானே இ(ஒஐ)₃! இரண்டாவது தாள்.

ந = 1 என்றால் தண்ணீர் 2. இ₂ஒ₃·ஐ₂ஒ என்பதைப் பாதியாக்கினால் இஒ(ஒஐ). சில உயர் தரப் புத்தகங்களில் கறளை இப்படி எழுதியிருப்பார்கள்:

4இ + 3ஒ₂ + 2ஐ₂ஒ → 4இஒ(ஒஐ)

அந்த மாணவி இதை எழுதி முடித்ததும் மூன்று தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அப்ப எல்லாம் ஒண்டுதான். தண்ணிக் கணக்குத்தான் வேற." நான் சொல்லவிருந்ததை அவளே சொல்லிவிட்டாள்.

4க்கு 3 ஏன் மாறுவதில்லை

சாதாரண தரத்துக்கு இந்தப் பகுதி அவ்வளவு தேவைப்படாது. உயர் தரம் செய்கிறவர்கள் விடக்கூடாது.

ஒரு இரும்புத் தகட்டை அரத்தாளால் பளபளக்கத் தேய்த்து, வாவித் தண்ணீரில் ஒரு துளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கிட்டப் போய்ப் பாருங்கள். துளி முழுவதும் சமமாகக் கறள் பிடிக்காது. நடுவிலும் இருக்காது, விளிம்பிலும் இருக்காது. இரண்டுக்கும் இடையில் மண்ணிற வளையம் ஒன்று தெரியும். துளியைத் துடைத்துப் பார்த்தால் இரும்பு அரிபட்டது நடுவில் என்று தெரியும். அரிபடுவது ஓரிடம், கறள் படிவது வேறிடம்.

துளியின் விளிம்பில் காற்று கிட்ட இருப்பதால் ஒட்சிசன் கூட. நடுவில் குறைவு. நடுவில் இரும்பு ஒட்சியேற்றப்பட்டு, அதாவது இலத்திரன்களை இழந்து, அயனாகக் கரைகிறது, அது அனோட்டு. விடுபட்ட இலத்திரன்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடுகின்றன. விளிம்பில் ஒட்சிசன் அவற்றை வாங்கித் தாழ்த்தப்படுகிறது, அது கதோட்டு. துளியில் முன்கூட்டியே காரத்தைக் காட்டுகிற பினோத்தலீன் கொஞ்சம் விட்டிருந்தால் விளிம்பு இளஞ்சிவப்பாகும், ஐதரொட்சைட்டு அயன் அங்கே பிறக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இலத்திரனுக்கு எ⁻ என்று எழுதி இரண்டு அரைத் தாக்கங்களையும் தனித்தனியே சமப்படுத்துவோம்.

அனோட்டில்: இ → இ²⁺ + 2எ⁻

கதோட்டில்: ஒ₂ + 2ஐ₂ஒ + 4எ⁻ → 4ஒஐ⁻

அரைத் தாக்கத்தில் அணு மட்டும் சமப்பட்டால் போதாது, ஏற்றமும் சமப்பட வேண்டும். கதோட்டில் இடப்பக்கம் நான்கு மறை, வலப்பக்கமும் நான்கு மறை. சரி.

கொடுக்கிறவர் 2 இலத்திரன் கொடுக்கிறார், வாங்குகிறவர் 4 கேட்கிறார். ஆகவே முதலாவதை இரண்டால் பெருக்கிக் கூட்டுங்கள். இலத்திரன்கள் இரண்டு பக்கமும் வெட்டுப்படும்.

2இ + ஒ₂ + 2ஐ₂ஒ → 2இ²⁺ + 4ஒஐ⁻

நடுவிலிருந்து வருகிற இரும்பு அயனும் விளிம்பிலிருந்து வருகிற ஐதரொட்சைட்டு அயனும் இடைவழியில் சந்திக்கின்றன. வளையம் அங்கே தெரிந்ததற்குக் காரணம் இந்தச் சந்திப்புத்தான்.

2இ + ஒ₂ + 2ஐ₂ஒ → 2இ(ஒஐ)₂

இது பெரசு ஐதரொட்சைட்டு, இன்னும் கறள் ஆகவில்லை. மேலும் ஒட்சிசன் வந்து அதைப் பெரிக்கு ஆக்க வேண்டும்.

இ(ஒஐ)₂ + ஒ₂ + ஐ₂ஒ → இ(ஒஐ)₃

இதைப் பார்த்தே சமப்படுத்தப் போனால் தலை சுற்றும். நான்கு பொருளிலும் ஒட்சிசன், மூன்றில் ஐதரசன். இப்படிப்பட்ட இடத்தில் எனக்கு அட்சரகணித முறைதான் பிடிக்கும். குணகங்களை வரிசையாக க, ச, த, ப என்று வையுங்கள்.

இரும்பால்: க = ப
ஐதரசனால்: 2க + 2த = 3ப
ஒட்சிசனால்: 2க + 2ச + த = 3ப

முதலாவதை இரண்டாவதில் போட்டால் 2த = ப. த = 1 என்று எடுத்தால் ப = 2, க = 2. மூன்றாவதில் போட்டால் 4 + 2ச + 1 = 6, ச = அரை. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் 4, 1, 2, 4.

4இ(ஒஐ)₂ + ஒ₂ + 2ஐ₂ஒ → 4இ(ஒஐ)₃

முதற் படியில் பெரசு ஐதரொட்சைட்டு 2 கிடைக்கிறது, இரண்டாம் படிக்கு 4 தேவை. ஆகவே முதற் படியை இரண்டால் பெருக்கி இரண்டாம் படியோடு கூட்டுங்கள். பெரசு ஐதரொட்சைட்டு வெட்டுப்பட்டுப் போகும். ஒட்சிசன் 2 + 1 = 3. தண்ணீர் 4 + 2 = 6. மிஞ்சுவது:

4இ + 3ஒ₂ + 6ஐ₂ஒ → 4இ(ஒஐ)₃

இரண்டாவது தாளில் பொ.ம.சி. போட்டுக் கண்டதேதான், வேறு வழியால் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது 4க்கு 3. ஒரு இரும்பு அணு முதலில் 2 இலத்திரன் கொடுத்தது, பெரிக்கு ஆகும்போது இன்னொன்று கொடுத்தது, மொத்தம் 3. ஒரு ஒட்சிசன் மூலக்கூறு வாங்குவது 4. கொடுத்ததும் வாங்கியதும் சரிவர 3, 4 இரண்டின் பொ.ம.சி. 12 வேண்டும். நான்கு இரும்பு மும்மூன்றாகக் கொடுத்தால் 12, மூன்று ஒட்சிசன் நான்கு நான்காக வாங்கினால் 12. தண்ணீருக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் மொத்தமாகப் பார்த்தால் பங்கில்லை. அதில் உள்ள ஐதரசனின் ஒட்சியேற்ற எண்ணும் ஒட்சிசனின் ஒட்சியேற்ற எண்ணும் கடைசிவரை மாறவில்லை. அதனால்தான் தண்ணீரின் எண் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொன்றாக இருக்க, 4உம் 3உம் அசையாமல் நின்றன. முழுக்கப் பெரிக்கு நிலைக்குப் போகிற எந்தக் கறள் சமன்பாட்டிலும் இரும்புக்கும் ஒட்சிசனுக்கும் இந்த விகிதம் வராவிட்டால் எங்கோ பிழை என்று உடனே சந்தேகப்படலாம்.

பரீட்சையில் எதை எழுதுவது

கேள்வி எந்தப் பெயரைச் சொல்கிறது என்று பாருங்கள். பெரிக்கு ஒட்சைட்டு என்றால் முதலாவது, பெரிக்கு ஐதரொட்சைட்டு என்றால் இரண்டாவது, நீரேறிய என்ற சொல் வந்தால் புள்ளி போட்டது. பெயர் ஒன்றும் சொல்லாமல் துருப்பிடித்தலுக்குச் சமன்பாடு கேட்டால் நான் நீரேறிய வடிவத்தைத்தான் எழுதச் சொல்வேன், தண்ணீர் இல்லாமல் துரு இல்லை என்பதை அது மறைக்காது.

பௌதிக நிலைகளைக் கேட்டிருந்தால் இரும்பும் கறளும் திண்மம், ஒட்சிசன் வாயு, தண்ணீர் திரவம். அயன்கள் வந்தால் நீர்க்கரைசல். 8, 6, 4 என்று குணகம் வந்திருந்தால் பிழையில்லை, ஆனால் சுருக்கி 4, 3, 2 ஆக்கிவிட்டுத்தான் தாளைக் கொடுக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

விடையைக் கையால் மறைத்துக்கொண்டு செய்யுங்கள். பார்த்துவிட்டுச் செய்தால் எல்லாம் இலகுவாகத்தான் இருக்கும்.

ஒன்று. செஞ்சூடான இரும்பின்மேல் நீராவியை விட்டால் கறுப்பு ஒட்சைட்டும் ஐதரசன் வாயுவும் வரும்: இ + ஐ₂ஒ → இ₃ஒ₄ + ஐ₂.
ஒட்சைட்டை ஒன்றாக நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு இரும்பு 3, ஒட்சிசன் 4 தேவை. ஒட்சிசன் தண்ணீரிலிருந்து மட்டும்தான் வர முடியும், ஆகவே தண்ணீர் 4, ஐதரசன் 4. விடை 3இ + 4ஐ₂ஒ → இ₃ஒ₄ + 4ஐ₂. இது கறள் அல்ல, 4க்கு 3 இங்கே செல்லாது. இந்த ஒட்சைட்டில் எல்லா இரும்பும் பெரிக்கு நிலைக்குப் போகவில்லை.

இரண்டு. பெரிக்கு ஐதரொட்சைட்டைச் சூடாக்கினால் தண்ணீரை இழந்து ஒட்சைட்டு ஆகும்: இ(ஒஐ)₃ → இ₂ஒ₃ + ஐ₂ஒ.
விடை 2இ(ஒஐ)₃ → இ₂ஒ₃ + 3ஐ₂ஒ. ந 3இலிருந்து 0 ஆன கதைதான்.

மூன்று. கல்வனைஸ் வாளியின்மேல் பூசியிருக்கிற நாகம் என்ற உலோகத்துக்கு நா என்று வைத்துக்கொள்ளுங்கள், வலுவளவு 2. ஒட்சிசனோடு சேர்ந்தால்?
2நா + ஒ₂ → 2நாஒ. சூத்திரத்தை நா₂ஒ₂ என்று எழுதியவர்கள் வலுவளவுகளைச் சுருக்க மறந்தவர்கள். வாளி கீறுபட்ட இடத்தில்கூட இரும்பு கொஞ்சக் காலம் தப்பி நிற்பது, இலத்திரன் கொடுப்பதில் இரும்பைவிட நாகம் முந்துவதால்தான். அனோட்டு வேலையை நாகம் எடுத்துக்கொள்கிறது.

நான்கு. கோழிக்கூட்டுக் கம்பி ஒன்றில் 28 கிராம் இரும்பு முழுவதும் பெரிக்கு ஐதரொட்சைட்டாக மாறியது. எத்தனை கிராம் ஒட்சிசன் வாயு செலவானது? கறள் எத்தனை கிராம்?
224 கிராம் இரும்புக்கு 96 கிராம் ஒட்சிசன் என்றால் 28 கிராமுக்கு 12 கிராம். இரும்பு 56 கிராம் என்றால் ஒரு மூல், ஆகவே 28 கிராம் அரை மூல். இ(ஒஐ)₃ இன் மூலர்த் திணிவு 56 + 3 × 17 = 107 கிராம், ஆகவே கறள் 53.5 கிராம். 28உம் 12உம் கூட்டினால் 40தானே வருகிறது, மிச்சம் 13.5 எங்கிருந்து என்று கேட்கிறவர்கள் சரியான இடத்தில் நிற்கிறார்கள்: 4 இரும்புக்கு 6 தண்ணீர் என்றால் அரை மூல் இரும்புக்கு முக்கால் மூல் தண்ணீர், 0.75 × 18 = 13.5.